மகள் நாதசுரம் படிக்க ஆசைப்படுகிறாள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த மகள் பி.காம் வேண்டாம், நாதசுரம்தான் என்கிறாள், "இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவு போடாது. நீங்கள் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு நாதசுரக் கலைஞருக்குப் பெரும்பங்கு வருமானம் கச்சேரி மேடையிலிருந்து வருவதில்லை, கல்யாண வீட்டிலிருந்து வருகிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்து கூப்பிடுவார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் அந்த வரத்து நின்றுவிடும். கோவில் திருவிழாக்கள் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். வருகிற பணமும் ஒருவருக்கு வருவதல்ல. இரண்டு நாயனம் (நாதசுரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்), இரண்டு தவில், தாளம், ஸ்ருதிப் பெட்டி என்று ஒரு செட் போனால், செட் வைத்திருப்பவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். உங்கள் மகள் ஆரம்பத்தில் இரண்டாவது நாயனமாகத்தான் போவாள். சொந்தமாக செட் வைக்கப் பல வருடம் ஆகலாம். அதுவரை முகூர்த்த மாதத்துப் பணத்தில் ஒரு பகுதியைக் காலி மாதங்களுக்கு ஒதுக்கிவைக்கும் பழக்கம் வேண்டும். இந்தத் துறையில் கடன்பட்டவர்கள் பலர் வாசிப்பில் குறைந்தவர்கள் அல்லர். இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

அதனால்தான் இசையில் ஒரு பட்டம் வேண்டும் என்கிறேன். பட்டம் வாசிக்கக் கற்றுத்தராது, வேலைக்கு விண்ணப்பிக்க வழி செய்யும். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக்கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் நாதசுரத்தில் பட்டப்படிப்பு, எதில் பட்டயம் மட்டும் என்பதைச் சேருவதற்கு முன்னால் நேரில் போய் விசாரித்துவிடுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரத்துக்கு மூன்றாண்டுப் படிப்பு உண்டு. அந்தச் சான்றிதழ் கோவில் வேலைக்கு உதவும். ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் முதுகலை முடித்து, பெரும்பாலும் இசைப் பாடத்தில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

கோவில் வேலை என்றதும் வீட்டில் முகம் சுளிக்க வேண்டாம். இந்து சமய அறநிலையத் துறைக் கோவில்களில் நாதசுரம், தவில் பணியிடங்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். மாதச் சம்பளம் உண்டு. ஆனால் விடியற்காலை பூஜையும் அர்த்தஜாமமும் உங்கள் மகளின் நாளைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். வெளியூர்க் கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாது. நிலையான சம்பளத்துக்கு அதுதான் விலை. சிலருக்கு அது சரியாக வரும், சிலருக்குச் சுத்தமாக ஒத்துவராது.

கல்லூரியில் சேர்ந்துவிட்டாளே என்று இப்போதுள்ள குருவை விட்டுவிடாதீர்கள். வகுப்பில் பத்துப் பேரோடு உட்கார்ந்து ராகம் வளராது. மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) மழை நாளில் அடைத்துக்கொள்ளும், வாயில் வைத்து எவ்வளவு நேரம் ஊறவைத்தால் திறக்கும், இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்து வருவது. நாயனத்தில் கொத்தாகச் சீவாளிகளும் ஒரு ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்தின் நடுவில் ஒன்று மக்கர் செய்தால் அடுத்ததை மாட்டி, கெட்டிமேளத்துக்குள் தயாராக வேண்டும். அந்த வேகம் குருவோடு போய் வந்தால்தான் படியும்.

சாதகத்துக்கு, அதாவது தினசரிப் பயிற்சிக்கு, இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் விடியற்காலை ஐந்து மணிக்கு நாயனம் வாசித்தால் மூன்றாம் நாளே சங்கத்திலிருந்து ஆள் வந்துவிடும். கோவில் மண்டபம், ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, எதுவானாலும் இப்போதே பேசி வையுங்கள்.

"பொம்பளைப் பிள்ளை நாயனம் வாசிப்பதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மதுரை பொன்னுத்தாய் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வாசித்துப் பெயர் வாங்கிவிட்டார். காலீஷாபி மஹபூப், தன் கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு சேர்ந்து வாசித்து, 2020இல் இருவருமாகப் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். அவர்களுடைய குரு ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் தங்கியவர். யார் வாசிக்கலாம் என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு: இரவுப் பயணம், மண்டபத்தில் உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறை. மகளை அனுப்புவதற்கு முன் செட் தலைவரை நீங்களே ஒருமுறை சந்தித்து, இதையெல்லாம் கூச்சப்படாமல் பேசுங்கள்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அப்புறம் வானொலித் தேர்வு. பி, பி ஹை, ஏ, டாப் என்று ஆகாசவாணி தரும் தரவரிசை, நிலையத்தில் கிடைக்கும் சன்மானத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. வெளியே கச்சேரிக்குக் கூப்பிடுபவர்களும் அதைக் கேட்பார்கள். தயாராகும் முன்னே போய் வாசித்துக்காட்ட வேண்டாம், குரு சொல்லட்டும்.

சிங்கப்பூர், மலேசியக் கோவில்களில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாராவது வந்தால், கோவில் நிர்வாகத்தின் கடிதம், விசா வகை, தங்குமிடம் மூன்றையும் தாளில் பார்க்காமல் ஏஜெண்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த வாரமே குருவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வருகிற முகூர்த்தத்தில் இவளை இரண்டாவது நாயனமாகக் கூட்டிப்போவீர்களா? "போகலாம்" என்றால் கல்லூரி விண்ணப்பத்தை வாங்குங்கள். "இன்னும் ஒரு வருடம் போகட்டும்" என்றாலும் வாங்குங்கள். பேச்சை மாற்றினால் மட்டும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.