முதல் பிரசவத்தில் கணவனுக்கு என்ன வேலை? என் அனுபவம்

ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர் மனைவிக்கு எட்டாம் மாதமாம். "பிரசவ நேரத்தில் கணவனாக நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள்?" என்பது கேள்வி. நான் செய்தது மொழிபெயர்ப்பு வேலை. அதிலும் பாதி தப்பு.

நாங்கள் இருப்பது கேரள எல்லையில், குமுளி. மனைவிக்கு ஊர் தமிழ்நாட்டுப் பக்கம், கம்பம். நடுவில் லோயர் கேம்ப் மலைப்பாதை, ஏறக்குறைய 25 கிலோமீட்டர். எனக்கு ஏலக்காய்க் கடையில் வேலை. காயைச் சல்லடையில் தரம் பிரித்து புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்கு அனுப்புவோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கூட்டிப் போய்விட்டார்கள். மாமியாருக்கு வேறொரு பயமும் இருந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் இந்தப் பாதை அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். "வலி கண்ட நேரத்துல ரோட்ட மறிச்சா என் பிள்ளைய எங்க கொண்டு போவீங்க மாப்ள?" என்று கேட்டுத்தான் கூட்டிப் போனார்.

ஆனால் முதலிலிருந்து பார்த்துவந்த டாக்டர் கேரளப் பக்கம், அணக்கரை தாண்டி. 37 வாரம் முடிந்ததும் ஒரு ஸ்கேனுக்காக மேலே வந்தவள், மழை விடவில்லை என்று குமுளியில் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அன்று ராத்திரி 1.40க்கு என்னை எழுப்பி, "ஏங்க, மெத்தை நனஞ்சு போச்சு. தெரியாம போயிட்டேன்" என்றாள். கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னாள். எழுந்து நின்றதும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பனிக்குடம்.

முதலில் வலி வரும், அப்புறம்தான் குடம் உடையும் என்று நான் நினைத்திருந்தேன். சிலருக்கு இப்படித் தலைகீழாக நடக்குமாம். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டதும் மூன்றே கேள்விதான் கேட்டார்கள். தண்ணீர் என்ன நிறம், பிள்ளை அசைகிறதா, ரத்தம் போகிறதா. இதை நீங்கள் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். தெளிவாக இருந்தால் பதறாமல் கிளம்பலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம், ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. தெளிவாக இருந்தாலும் வலி வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. குடம் உடைந்து நேரம் ஆக ஆகக் கிருமி ஏறும். அதனால் உடைந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், போனதும் அதைத்தான் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப் எடுத்தார். மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இனிமேல்தான் என் உத்தியோகம் ஆரம்பம். நான் அட்வான்ஸ் கட்டப் போயிருந்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் பெண் இவளிடம் "வேதன உண்டோ?" என்று கேட்டிருக்கிறாள். மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பு வலி. நமக்கு அது மனசு சம்பந்தப்பட்டது. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் இவள் கற்றிருந்தது காய்கறிக்கடை மலையாளம். ஏதோ ஆறுதலாகக் கேட்கிறாள் என்று நினைத்து, "வேதனையெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர், வலிதான் லேசா வருது" என்றிருக்கிறாள். வலி என்றால் அவர்களுக்கு இழுப்பது. பீடி இழுப்பதற்கும் அதே சொல்தான். எல்லைப்பக்கத்தில் பிறந்தவளாக இருந்தால் புரிந்திருக்கும், இந்தப் பெண்ணோ கோட்டயத்துக்காரி. நான் திரும்பி வந்தபோது தாளில் 'வலி இல்லை' என்று எழுதி இருந்தது. இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழப்பத்தைத் தீர்த்தது நானில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "நோவுண்டோ மோளே?" என்றார். "நோவுதும்மா" என்று இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் அப்பத்தாவும் 'பேறுகால நோவு' என்றுதான் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே சொல். நாங்கள்தான் அதைக் கிழவிகளோடு விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு டாக்டரே, "நீங்க உள்ள நின்னு சொல்லிக் கொடுங்க" என்று என்னைப் பிரசவ அறைக்குள் விட்டார். முதல் பரிசோதனையில் கர்ப்பவாய் 2 சென்டிமீட்டர் திறந்திருந்தது. 10 ஆக வேண்டும். 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற காயை முதல் தரம் என்று பிரித்தே பிழைத்தவன் நான். 10 சென்டிமீட்டர் என்றதும் ஒரு கணம் கை விரித்துப் பார்த்துக்கொண்டேன். தலைப்பிரசவத்தில் முதல் நாலைந்து சென்டிமீட்டருக்குத்தான் நேரம் பிடிக்கும், அதற்குப் பிறகு வேகம் பிடிக்கும் என்றார்கள். காலை 9 மணிக்கு 4. அவ்வளவுதான். அந்த ஆறு மணி நேரம் ஓர் ஆண்டு மாதிரி போனது. குளுக்கோஸ் பாட்டிலில் வலியைக் கூட்டும் மருந்தைச் சேர்த்து ஏற்றினார்கள்.

உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் முதுகு தேய்த்தது. வலி ஏறும்போது இடுப்புக்குப் பின்னால், முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து அழுத்த வேண்டும். வருடினால் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது, அழுத்தினால்தான் தாங்க முடிந்தது. வலி இறங்கியதும் கையை எடுத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர். இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் முதல் மூன்று மணி நேரம் விசிறிக்கொண்டே நின்றிருக்க மாட்டேன்.

செய்த தப்பையும் சொல்கிறேன். சாயங்காலத்துக்குள் இறங்கவில்லை என்றால் ஆபரேஷன் யோசிக்கலாம் என்று டாக்டர் நர்ஸிடம் மெல்லச் சொன்னார். என் வேலை மொழிபெயர்ப்பாச்சே, உடனே அதையும் தமிழில் சொல்லிவிட்டேன். இவள் ஓவென்று அழுதுவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிற்பாடு இவளிடம் கேட்டதற்கு, "சொன்னது தப்பில்ல. வலி உச்சில இருக்கப்ப சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றாள்.

மாமியார் ஏழரைக்கே வந்திருந்தார். விடியற்காலையில் ஏலத் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகப் போகும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து வந்தவர். ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிரசவக் கதை சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த வேகத்தில் எனக்கு ஒரு பார்சல் இட்லியைக் கொடுத்து, "தின்னுங்க மாப்ள, நீங்க விழுந்து வச்சா யார் பாக்குறது" என்றார்.

மாலை ஐந்தரைக்கு 10 ஆகிவிட்டது. உடனே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை நான் இல்லாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது என்ற நினைப்பில் இருந்தேன். கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே மலையாளமும் தமிழும் கலந்து ஒரே சத்தம், யாருக்கும் எதுவும் விளங்காமல் போனதாகத் தெரியவில்லை. அந்தக் கோட்டயத்து நர்ஸ் பெண்தான் "மோளே, மோளே" என்று கடைசி வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு இவளைவிட இரண்டு வயது குறைவு.

6.12க்குப் பெண் குழந்தை. 2.700 கிலோ. அழுகை கேட்க இரண்டு மூன்று நொடி ஆனது, அதைப் பற்றி எழுத வரவில்லை. பிறந்ததும் நெஞ்சின்மேல் போட்டு, ஒரு நிமிஷம் பொறுத்துத்தான் கொடியை நறுக்கினார்களாம்.

வெளியே வேறொரு சச்சரவு தயாராக இருந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். குணமுள்ள பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரை நாக்கில் தொட்டு வைக்க வேண்டும், வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. மாமியார் கம்பத்திலிருந்தே கற்கண்டு கொண்டுவந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சேச்சி தேனும் வயம்பும் உரசப் பொன்மோதிரமும் கொண்டுவந்திருந்தார். நம்மூர் வசம்புதான் அங்கே வயம்பு. பெரிய நர்ஸ் இருவரையும் ஒரே பார்வை பார்த்து, "ஒண்ணும் கொடுக்கல்லே" என்றார், எதையும் கொடுக்காதீர்கள் என்று. தேனில் இருக்கும் ஒரு கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தசையையே செயலிழக்கச் செய்துவிடும் என்று விளக்கமும் சொன்னார், கொஞ்சம் கடுமையாக. இந்த முறை நான் மொழிபெயர்ப்பில் கவனமாக இருந்தேன். "அத்தை, முதல் சேனை தாய்தான் வைக்கணுமாம், சீம்பாலாத்தான் வைக்கணுமாம்" என்றேன். மாமியார் யோசித்தார். "அப்ப எம்மக குணம்தான் வரும். உங்களுக்குச் சம்மதமா மாப்ள?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல?

சீம்பால் முதல் மணி நேரத்துக்குள் கொடுத்தாயிற்று. பிறகுதான் உண்மையான பாடு. வருவது சில சொட்டுதான். பிள்ளை அழுகிறது, பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பால் பத்தல, பவுடர் வாங்கியா" என்கிறார்கள். முதல் நாள் பிள்ளைக்கு அந்தச் சில சொட்டே போதுமாம். நாங்கள் செய்தது, ஒரு பழைய ஏல ரசீதின் பின்பக்கத்தில் ஒன்றுக்குப் போனதை எண்ணிக் கோடு போட்டது. முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, ஐந்தாம் நாளில் 6க்கு மேல். கோடு கூடினால் பால் போகிறது. யார் என்ன சொன்னாலும் அந்தச் சீட்டைக் காட்டினேன். மூன்றாம் நாள் எடை 2.520 ஆகக் குறைந்து எங்களைப் பயமுறுத்தியது. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது சகஜம், இரண்டு வாரத்தில் ஏறிவிடும் என்றார்கள், ஏறியது. நடுவே மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை நாள் நீல விளக்கில் வைத்தார்கள். அதுவும் போனது.

மாமியாருக்கு ஒரு மனக்குறை மட்டும் தீரவில்லை. கம்பத்து அரசு ஆஸ்பத்திரியில் பெற்றிருந்தால் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி வந்திருக்குமே என்று. பிறப்புப் பதிவும் பிறந்த இடத்தில்தான் என்பதால் பேத்தி மலையாளச் சர்டிபிகேட்டுக்காரி ஆகிவிட்டாள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரில் ஒரு 'ழ' வைத்தோம், அந்தப் பக்கத்திலும் அது ஒழுங்காக வரும்.

ஆறாம் நாள் பச்சை உடம்புக்காரியைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக இறங்கினோம். சோதனைச்சாவடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். ஓட்டியவர், நான், இருவருமே ஏலக்காய் முகம். பின்சீட்டில் மூட்டை.

"என்ன மூட்டை? காயா? பில் இருக்கா?"

"பழந்துணி சார்" என்றேன். நம்பவில்லை. முடிச்சை அவிழ்த்தார். ஆறு நாள் துணி அது. எவ்வளவு வேகமாக அவிழ்த்தாரோ அதைவிட வேகமாகக் கட்டிவிட்டு, "போங்க, போங்க" என்றார்.