சின்னும் கலோரியும் சேர்த்து எண்ணலாமா? – கேள்வி பதில்

பிரிட்டனில் ஸ்லிம்மிங் வேர்ல்ட், வெயிட் வாட்சர்ஸ் மாதிரியான எடைக் குறைப்பு கிளப் திட்டத்தில் இருந்துகொண்டே கலோரியும் எண்ணுகிறவர்களின் கேள்விகள் இவை. கேட்டவர்களை ஊர்ப் பெயரில் குறித்திருக்கிறேன். சின் (Syn) என்பது எண்ணெய், இனிப்பு மாதிரியானவற்றுக்கு ஸ்லிம்மிங் வேர்ல்ட் போடும் புள்ளி. மருந்து, கர்ப்பம், தாய்ப்பால் பற்றிய கேள்விகளுக்கு யாரிடம் போக வேண்டும் என்று மட்டும்தான் சொல்வேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஹாரோ: ஸ்லிம்மிங் வேர்ல்டில் ஆரம்பத்தில் நன்றாக இறங்கிய எடை இப்போது அப்படியே நிற்கிறது. சின் ஒரு நாளைக்கு 10ஐத் தாண்டவில்லை. கலோரியும் எண்ணலாமா? கிளப்பில் எங்கள் குழுவை நடத்தும் கன்சல்டன்ட் வேண்டாம் என்கிறார், அக்கா.

எண்ணலாம். ஆனால் எந்தக் கணக்கு எதற்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தில் கொழுப்பில்லாத இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, சோறு, பாஸ்தா, உருளைக்கிழங்கு, காய், பழம் எல்லாம் ஃப்ரீ ஃபுட், அதாவது எண்ணாமல் சாப்பிடலாம். தட்டில் மூன்றில் ஒரு பங்கு காய்கறி, பழம் மாதிரியான ஸ்பீட் ஃபுட். பால் அல்லது சீஸுக்கு ஹெல்தி எக்ஸ்ட்ரா ஏ என்ற அளந்த பங்கு, முழுதானிய ரொட்டி அல்லது ஓட்ஸுக்கு பி. மற்றதெல்லாம் சின், நாளுக்கு 5 முதல் 15 வரை. தட்டில் எது வர வேண்டும் என்பதை இது நன்றாகவே சொல்கிறது. எவ்வளவு என்பதை உங்கள் பசியிடம் விட்டுவிடுகிறது. பாஸ்தாவும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறவருக்கு அது பெரும்பாலும் சரிப்பட்டு வரும். குழம்பு ஊற்றிப் பிசைந்து மூன்று முறை சோறு போட்டுக்கொள்கிற நமக்கு அங்கேதான் ஓட்டை.

சமைக்காத பாஸ்மதி 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. வெந்தால் அது 280 முதல் 300 கிராம் ஆகும். ஒரு வேளைக்கு 120 கிராம் அரிசி என்பது நம் வீடுகளில் பெரிய அளவே இல்லை. அதுவே 420 கலோரி, சின் பூஜ்யம். அதனால் தட்டைத் திட்டம் தீர்மானிக்கட்டும், ஃப்ரீ ஃபுட்டின் அளவைக் கலோரி தீர்மானிக்கட்டும்.

கணக்கு இப்படிப் போகும். 42 வயது, 158 செ.மீ., 78 கிலோ எடையுள்ள பெண் என்று வையுங்கள். எடை × 10, கூட்டல் உயரம் × 6.25, கழித்தல் வயது × 5, கழித்தல் 161. வருவது 1396, சும்மா இருந்தாலே உடம்பு ஒரு நாளில் எரிக்கும் கலோரி. உட்கார்ந்த வேலை, கொஞ்சம் நடை என்றால் 1.375ஆல் பெருக்குங்கள்: 1920. எடை இறங்க அதில் 500 குறைத்தால் 1420. (ஆண்கள் 161ஐக் கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.) இந்த 1420இல் ஹெல்தி எக்ஸ்ட்ரா இரண்டுக்கும் சேர்த்து 270 போகும். 10 சின்னுக்கு 200. மீதி 950தான் ஃப்ரீ ஃபுட்டுக்கு. காலையில் 200, மதியம் 370, இரவு 380 என்று பிரித்தால் சரியாக வரும்.

இரவுத் தட்டு ஒன்று: அரிசி பச்சை எடையில் 50 கிராம் (175), தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 130 கிராம் (140), முட்டைக்கோஸும் பீன்ஸும் 200 கிராம் (60). மொத்தம் 375. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. அது 2 சின், சின் பங்கிலிருந்து போகும். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

கன்சல்டன்ட் வேண்டாம் என்பதிலும் நியாயம் உண்டு. கலோரி எண்ண ஆரம்பித்ததும் பலர் காயை விட்டுவிட்டு, 1400க்குள் அடங்குகிறதே என்று பிஸ்கட்டில் நாளை ஓட்டிவிடுகிறார்கள். மாலையில் பசி பிய்த்துவிடும். ஸ்பீட் ஃபுட் பங்கைக் கைவிடாமல் எண்ணுங்கள்.

இல்ஃபோர்ட்: ஒரு சின் எத்தனை கலோரி?

சுமார் 20. எண்ணெய் 15 மில்லி 6 சின், 120 கலோரி. அங்கே கச்சிதமாகப் பொருந்தும். எல்லா இடத்திலும் பொருந்தாது. முழு வாழைப்பழம் ஃப்ரீ, அதையே மிக்ஸியில் அடித்தால் சின். கலோரி இரண்டிலும் ஒன்றுதான். அடித்துக் குடித்தால் வயிறு நிறைவது குறைவு, உள்ளே போவது அதிகம் என்பதால் கிளப் அப்படி வைத்திருக்கிறது. எனவே சின்னைக் கலோரியாக்க 20ஆல் பெருக்கலாம். கலோரியை 20ஆல் வகுத்து நீங்களாகச் சின் உண்டாக்காதீர்கள்.

டூட்டிங்: மை ஃபிட்னஸ் பால் (MyFitnessPal) என்ற கலோரி ஆப்பில் "சமைத்த சோறு 1 கப்" என்று போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருகிறதே?

அதில் பெரும்பகுதி பயனர்களே ஏற்றியது. "கப்" என்று இருக்கும் எதையும் தொடாதீர்கள். பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருப்பதை எடுத்து, நீங்களே ஒரு பதிவு உண்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்டிருப்பது சமைக்காததற்கா, சமைத்ததற்கா என்று முதலில் பாருங்கள். பாஸ்தா பாக்கெட் சிலதில் இரண்டும் இருக்கும். வெந்த பாஸ்தா 200 கிராமை நிறுத்து, பச்சை எடைக் கலோரியைப் போட்டால் 700 காட்டும், பயந்துவிடுவீர்கள். சமைக்காத அரிசியை நிறுத்து, சோற்றின் கலோரியைப் போட்டால் பாதிக்கும் கீழே காட்டும். எடை ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்களில் பலரின் கணக்கில் இந்த இரண்டாவது கோளாறுதான்.

குடும்பத்துக்கே ஒரு பானை என்றால்: சமைக்காத அரிசியின் மொத்தக் கலோரியைக் குறித்துக்கொள்ளுங்கள், வெந்த சோற்றை மொத்தமாக நிறுங்கள், உங்கள் தட்டுக்கு வந்ததன் விகிதத்தைப் போடுங்கள். காலிப் பானையின் எடையை ஒருமுறை நிறுத்து மூடியில் எழுதி ஒட்டிவிட்டால் தினமும் தேட வேண்டாம்.

மில்டன் கீன்ஸ்: ஒரு கலோரி ஸ்ப்ரே எண்ணெய் இருக்கும்போது எண்ணெயை ஏன் அளக்க வேண்டும்?

ஒரு அழுத்துக்கு ஒரு கலோரி, சரி. தோசைக்கல்லுக்கு நான்கு அழுத்து தாராளம். கடுகு அதில் வெடிக்காது, வெங்காயம் வதங்காமல் அவியும், மசாலா பச்சை வாசனை அடிக்கும். கடைசியில் பொறுமையிழந்து பாட்டிலைக் கவிழ்ப்பீர்கள், அது எந்தக் கணக்கிலும் வராது. தாளிப்புக்கு நிஜ எண்ணெய் போடுங்கள், நிறுத்துப் போடுங்கள். பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். கழித்தல் குறியோடு வரும் எண்தான் நீங்கள் ஊற்றியது. கிராமுக்கு 9 கலோரி. "ஒரு கரண்டி" என்பது அளவு அல்ல. குழம்புக் கரண்டி ஒன்று 40 மில்லியைத் தாண்டும்.

லெஸ்டர்: இட்லி ஃப்ரீயா, சின்னா? அரிசியும் ஃப்ரீ, உளுந்தும் ஃப்ரீ. ஆனால் எங்கள் குழுவில் மாவு என்றால் சின் என்கிறார்கள்.

கிளப் விதிக்கு உங்கள் ஆப்பில் இருப்பதுதான் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. கலோரிக்கு வருகிறேன். இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம் என்றால் மாவில் மொத்தம் சுமார் 1740 கலோரி. தண்ணீரோடு மாவு 1300 கிராம் வந்தால், கிராமுக்கு 1.3க்குக் கொஞ்சம் மேல். 45 கிராம் மாவில் ஊற்றிய இட்லி 60. 70 கிராம் மாவில் தோசை 95, ஒரு டீஸ்பூன் எண்ணெயோடு 135. புளித்தால் குறையுமா என்று கேட்பீர்கள். கணக்கில் எடுக்கும் அளவுக்குக் குறையாது. உங்கள் மாவு கெட்டியா, தண்ணீரா என்பதைப் பொறுத்து எண் மாறும். அதனால் ஒருமுறை முழு மாவையும் நிறுத்துப் பாருங்கள்.

குரோய்டன்: தவறு. கடலைமாவுக்குச் சின் உண்டு. அரைத்தாலே சின்தான். இதை ஃப்ரீ என்று விட்டால் எல்லாரும் எட்டு இட்லி சாப்பிடுவார்கள்.

லெஸ்டர்: பருப்பு சூப்பையும்தான் மிக்ஸியில் அடிக்கிறோம். அதற்குச் சின் இல்லையே?

ஈஸ்ட் ஹாம்: அரைக்காமல் அவிச்சா சோறு, அரைச்சு அவிச்சா இட்டலி. வயிறு ரெண்டையும் ஒண்டாத்தானே பாக்கும்?

வயிறு ஒன்றாகப் பார்க்காது. அதுதான் குரோய்டன்காரர் பக்கம் இருக்கிற நியாயம். முழுதாக வெந்த தானியத்தை மெல்ல நேரமாகும். அரைத்து அவித்தது மளமளவென்று இறங்கும். லெஸ்டர்காரர் சொல்லும் சூப்பில் முக்கால்வாசி தண்ணீர், அது வேறு கதை. ஆனால் ஒரு இட்லிக்கு 3 சின் போட்டால் நான்கு இட்லியில் 12 போய்விடும். சட்னிக்கும் பொடி எண்ணெய்க்கும் ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாரத்தில் ஆட்கள் திட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். இரண்டு கணக்கும் வைத்திருப்பவருக்கு என் யோசனை: இட்லியைச் சோற்றின் இடத்தில் வைத்து, கலோரியில் மட்டும் எழுதுங்கள். நான்கு என்றால் 240. சின்னை எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொடியில் குழைக்கும் நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி, அதாவது இரண்டு இட்லி. சண்டை போட வேண்டிய இடம் அது.

குரோய்டன்: அப்படியென்றால் அது ஸ்லிம்மிங் வேர்ல்டே இல்லை.

சரி, இல்லை. கலப்புத் திட்டம். கேள்வியே அதுதானே.

ஈஸ்ட் ஹாம்: அக்கா, எங்கட வீட்டில இரவில புட்டும் சொதியும்தான். சிவப்பரிசி மா நல்லதெண்டு சொல்லுறாங்கள். கணக்கு எப்பிடி?

சிவப்போ வெள்ளையோ, அரிசி மா 100 கிராம் 360 கலோரிப் பக்கம்தான். நார்ச்சத்து கொஞ்சம் கூட, அவ்வளவே. ஒருவருக்கு மா 60 கிராம் (215), தேங்காய்ப் பூ 20 கிராம் (70). புட்டு அத்தோடு நிற்கட்டும். சொதிக்கு ஊற்றும் டின் தேங்காய்ப்பால் 400 மில்லியில் 650க்கு மேலும் போகும். டின்னுக்கு டின் மாறும், லேபிளைப் பாருங்கள். சொதியை ஹெல்தி எக்ஸ்ட்ரா ஏ பாலில் வைக்கலாம்: செமி ஸ்கிம்ட் பால் 100 மில்லி 50க்குள். அடுப்பை நிற்பாட்டிச் சூடு தணிந்த பிறகு தேசிக்காய் (எலுமிச்சை) விடுங்கள், இல்லாவிட்டால் திரைந்துவிடும். சம்பலுக்கும் தேங்காயை நிறுங்கள். உலர் தேங்காய்த் துருவல் 100 கிராமில் 600க்கு மேல், பச்சைத் தேங்காயில் 350. இரண்டையும் ஒன்றென்று போடாதீர்கள்.

ரெடிங்: 15 சின் × 20 = 300. நான் நாளுக்கு 300 கலோரிதான் சாப்பிடுகிறேனா?

இல்லை. ஃப்ரீ என்றால் எண்ண வேண்டாம் என்று அர்த்தம், கலோரி இல்லை என்று அர்த்தமல்ல. முதல் பதிலை முழுதாகப் படியுங்கள்.

லூட்டன்: ஒரு சின்னுக்கு எத்தனை கலோரி என்று சொல்ல முடியுமா?

இல்ஃபோர்ட் கேள்வியைப் பாருங்கள்.

ஸ்லவ்: சர்க்கரைக்கு கிளிக்ளசைடு எடுக்கிறேன். சோற்றைப் பாதியாக்கி 1200இல் நிற்கலாமா?

நர்ஸிடம் பேசாமல் நாளைக் காலையில் ஆரம்பித்துவிடாதீர்கள். இந்த மருந்தும் இன்சுலினும் போய்க்கொண்டிருக்கும்போது மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஜி.பி. (குடும்ப மருத்துவர்) அல்லது டயபடீஸ் நர்ஸ் மருந்தின் அளவைப் பார்த்த பிறகுதான்.

வாட்ஃபோர்ட்: தாய்ப்பால் கொடுக்கிறேன்...

கலோரி வெட்ட வேண்டாம். ஹெல்த் விசிட்டரிடமும் உங்கள் கன்சல்டன்டிடமும் சொல்லுங்கள்.

சட்டன்: முன்பு சாப்பாட்டைப் பட்டினியாக்கி உடம்பைக் கெடுத்துக்கொண்ட பழக்கம் உண்டு. இப்போது எண்ணலாமா?

உங்களுக்கு எண்ணுவதே வேண்டாம், இரண்டு கணக்கு நிச்சயமாக வேண்டாம். ஜி.பி.யிடம் பேசுங்கள், உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான பீட் (Beat) என்ற தொண்டு நிறுவனமும் உதவும்.

பர்மிங்காம்: வெயிட் வாட்சர்ஸ் பாயின்டோடு கலோரி எண்ணினால்?

கொஞ்சம் சுலபம். பெரும்பாலான திட்டங்களில் சோற்றுக்கும் பாஸ்தாவுக்கும் அங்கே பாயின்ட் ஏற்கெனவே உண்டு, ஓட்டை சிறியது. ஆனால் பாயின்டைக் கலோரியாக மாற்ற முடியாது. அங்கே சேர்த்த சர்க்கரையும் நிறைவுற்ற கொழுப்பும் பாயின்டைக் கூட்டும், புரதம் குறைக்கும். ஒரே கலோரியுள்ள இரண்டு பொருளுக்கு வேறு வேறு பாயின்ட் வருவது அதனால்தான். பூஜ்யப் பாயின்ட் பட்டியலில் பருப்பு, முட்டை, கோழி இருந்தால் அவற்றுக்கு மட்டும் கலோரி எழுதிப் பாருங்கள். சமைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராம் 340ஐத் தாண்டும்.

ஹேய்ஸ்: வாட்ச் 400 கலோரி எரித்ததாகக் காட்டுகிறது. அதையும் சாப்பிடலாமா?

1.375ஆல் பெருக்கியபோதே நடையைச் சேர்த்துவிட்டோம். திரும்பவும் சேர்த்தால் ஒரே நடைக்கு இரண்டு கூலி. ஆப்பில் வாட்சை இணைப்பதாக இருந்தால் செயல்பாட்டு அளவை மிகக் குறைவானதில் வையுங்கள்.

வெம்ப்ளி: வாரம் முழுக்க 1400இல் நின்றேன், கிளப் தராசில் ஒரு பவுண்டு கூடியிருக்கிறது. எங்கே தப்பு?

தப்பு இல்லாமலே கூடும். ஊறுகாய், அப்பளம், வெளிச் சாப்பாட்டு உப்பு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல் எல்லாம் ஒன்றிரண்டு கிலோவை ஆட்டும். உடம்பில் சேமிக்கும் மாவுச்சத்து ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும்; முதல் வாரம் மளமளவென்று இறங்குவதும் அதனால்தான். நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள். நான்கு வாரமும் அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய்க் கணக்கையும் பச்சை எடைக் கணக்கையும் பாருங்கள், பிறகுதான் வேறு காரணம். நிறை பார்க்கும் நாள் பட்டினி கிடக்காதீர்கள். அன்று இரவு இரட்டிப்பாக உள்ளே போகும். அதற்காக 1200க்குக் கீழே இறங்கவும் வேண்டாம். 800 கலோரித் திட்டங்கள் மருத்துவக் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கு.

லூட்டன்: அப்படியானால் 10 சின் 200 கலோரியா?

ஆமாம்.

நியூ மால்டன்: டீ கணக்கில் வருமா? நாளுக்கு நான்குதான்.

வரும். முழுக்கொழுப்புப் பால் ஒரு கப்புக்கு 50 மில்லி என்றால் நான்கு கப்புக்கு 130 கலோரி. இரண்டு ஸ்பூன் சீனி வீதம் எட்டு ஸ்பூன், இன்னொரு 130 முதல் 160. காலையிலேயே அன்றைய ஹெல்தி எக்ஸ்ட்ரா பாலை ஒரு ஜக்கில் அளந்து ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். டீ, ஓட்ஸ் எல்லாம் அதிலிருந்து. ஜக் தீர்ந்தால் அடுத்த பால் சின் கணக்கில். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் சீனிக் கணக்குதான்.

குரோய்டன்: இட்லியைப் பற்றி இன்னும்...

போதும்.

ஈலிங்: ஞாயிறன்று கடை பிரியாணி. எண்ண வழி உண்டா?

துல்லியமாக இல்லை. சோற்றைத் தனியாக, கறியைத் தனியாகப் பிரித்து நிறுங்கள். வெறும் சோறு 100 கிராம் 130. பிரியாணிச் சோற்றில் எண்ணெயும் நெய்யும் ஏறியிருப்பதால் 200 என்று வையுங்கள். 250 கிராம் சோறு 500. கறியை வழக்கம்போல் போட்டு, டப்பாவின் அடியில் தேங்கிய எண்ணெயைத் தட்டில் ஊற்றாதீர்கள். ரைத்தாவை வீட்டில் கொழுப்பில்லாத தயிரில், வெள்ளரிக்காய் நிறையப் போட்டுச் செய்துகொண்டால் ஸ்பீட் ஃபுட் பங்கும் முடிந்துவிடும். மீதியை அப்போதே பெட்டியில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மேசையில் விடாதீர்கள்.