மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வாய்க்கால் வீதிகளில் ட்ரெயில் பைக் ஓடும்போது பட்டிக்காரர், வயல்காரரோடு எப்படி நடந்துகொள்வது?

நாலைந்து பேராக வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓடுகிறோம், மாடு சாய்ப்பவர்கள் முறைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முறைப்பதில் நியாயம் உண்டு. அது அவர்கள் வேலை செய்யும் இடம், நடுவில் புகுந்தவர்கள் நாம்.

மாட்டிலிருந்து தொடங்குவோம். மாட்டுப் பட்டி எதிரே வந்தால் ஐம்பது மீற்றருக்கு முன்பே நின்று எஞ்சினை நிறுத்துங்கள். ஸ்லோ பண்ணினால் மட்டும் காணாது. சத்தத்துக்கே மாடு மிரளும். எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் சின்ன வாய்க்கால் என்றால் வயல் பக்கமாக நில்லுங்கள். மாடு உங்களை விட்டு விலகி வாய்க்கால் பக்கம் சாயும். கால் நனைவதோடு போய்விடும். நீங்கள் வாய்க்கால் பக்கம் நின்றால் அது பயிருக்குள் இறங்கும், நட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டிக்காரர். நீங்கள் அதற்குள் அடுத்த ஊர் தாண்டியிருப்பீர்கள்.

பின்னாலிருந்து பட்டியை எட்டினால் ஹோர்ன் அடிக்கவே வேண்டாம். கன்றுகள் கடைசியில்தான் இழுபட்டு வரும். அவை வெருண்டு முன்னால் பாய்ந்தால் முழுப் பட்டியும் கலையும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, ஆளைப் பார்த்து அண்ணன் என்றோ, முஸ்லிம் ஆள் என்றால் காக்கா என்றோ கூப்பிட்டு, அவர் வழி ஒதுக்கித் தரும்வரை நில்லுங்கள்.

அடுத்தது வாய்க்கால் கட்டு. மார்கழி, தை மழையில் மண் ஊறிக் கிடக்கும். இறங்கிக் குதியால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; குதி புதைந்தால் திரும்பிவிடுங்கள். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் பூட்டிய பின்சில்லு ஒரு இடத்தில் சுழன்றாலே சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழும். அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தப் பள்ளத்தால் ஓடிக் கட்டை அரிக்கும், பிறகு அது வயலுக்குள் உடைத்துக்கொள்ளும். ஈரமாக இருந்தாலும் தாங்கும் மண் என்றால் இரண்டாம் கியரில், த்ரொட்டிலை முறுக்காமல் போங்கள். பள்ளம் விழுந்துவிட்டால் நின்று மண் போட்டு மிதித்துவிட்டுப் போங்கள். சேற்றுக்குட்டை வந்தால் தடியால் ஆழம் பார்த்து நடுவாலேயே மெதுவாகக் கடக்க வேண்டும். ஓரத்தால் சுற்றினால் ஆளுக்கொரு முழமாக வரம்பு கரையும்.

பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) எதிரே வந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். பெட்டியோடு அதை ரிவேர்ஸ் எடுப்பது பெரும்பாடு. அதை முந்துவதென்றால், ஓட்டுகிறவர் திரும்பி உங்களைக் காணும்வரை பொறுங்கள். அந்த டீசல் எஞ்சின் சத்தத்தில் அவருக்குப் பின்னால் எதுவும் கேட்காது.

ஒற்றைப் பாதையில் எதிரே வருபவருக்கு முதல் ஆள் பின்னால் எத்தனை பைக் வருகிறது என்று விரலால் காட்ட வேண்டும், கடைசி ஆள் மூடிய கை. ஒருவர் கிளப்பிய தூசி அடங்கிய பிறகே அடுத்தவர் வரவேண்டும், முக்கியமாக வெட்டுக் காலத்தில் வீதியோரம் நெல் காயும்போது. நெல் விரித்திருக்கும் படங்கில் சில்லுப் படவே கூடாது.

சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் பஃபிளைக் கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டுங்கள். யானைக்காவலுக்கு இரவு முழுக்கப் பரணில் விழித்திருந்தவர்கள் காலை ஏழு, எட்டு மணிக்குத்தான் கண்ணயர்வார்கள். நம்மவர்கள் ஓட்டத்துக்குக் கிளம்புவதும் அதே நேரம்தான். யானைவேலிக் கேற்றைத் திறந்தால் கடைசி பைக் தாண்டியதும் மூடுங்கள். குளக்கட்டில் ஆட்கள் குளிக்கும் துறை வந்தால் ஹெல்மெட் கமராவை அணைத்துவிட்டு, நிற்காமல் கடந்து போங்கள்.