ஆங்கிலோ-சாக்சன் வீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலோ-சாக்சன் காலத்து (சுமார் 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை) இங்கிலாந்தில் எல்லோருக்கும் கல்வீடுதானே?

இல்லை, மரவீடு. பழைய ஆங்கிலத்தில் 'கட்டு' என்பதற்கான சொல்லே மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். கல் பெரும்பாலும் தேவாலயங்களுக்கு.

கேள்வி: பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு மாதிரிச் சுவர் எழுப்ப வேண்டும். எப்படி?

ஓக் முளைகளை ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் நடுங்கள். குளிர்காலத்தில் வெட்டிய, கட்டைவிரல் பருமனுள்ள ஹேசல் (எளிதில் வளையும் ஒரு புதர்மரம்) கழிகளை முளைகளுக்கு முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பின்னுங்கள். பச்சையாக இருக்கும்போதே பின்னிவிட வேண்டும். காய்ந்த கழி வளைவில் முறியும். நாலு கூடைக் களிமண்ணுக்கு ஒரு கூடைச் சாணி, இரண்டு கை நிறைய நறுக்கிய வைக்கோல் போட்டு, தண்ணீர் தெளித்துக் காலால் மிதியுங்கள். உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நிற்பதுதான் பதம். ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்தும் ஒரே இடத்தில் அப்புங்கள். இரண்டு பக்க மண்ணும் கழிகளின் இடுக்கில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அப்பினால் காய்ந்ததும் பாளமாக உதிரும். வெடிப்பு விட்டால் களிமண் மிகுதி, மணல் சேருங்கள். சிமெண்ட் பூசாதீர்கள்: ஈரம் உள்ளேயே தங்கிக் கழி மக்கிவிடும்.

கேள்வி: புகைபோக்கி எங்கே வைப்பது?

வைக்கக் கூடாது. அடுப்பு வீட்டின் நடுவில் எரியும். புகை கூரைக்குள் ஏறி, வேய்ந்த வைக்கோல் வழியே மெல்லக் கசியும். முகட்டில் ஓட்டை போட்டால் காற்றிழுப்பில் தீ கொழுந்துவிட்டுப் பொறி மேலேறும். 731இல் முடித்த வரலாற்றில் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி பொறி பறந்து எரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறார்: நடுவில் பெருந்தீ, பறந்த பொறி, கழி பின்னி வைக்கோல் வேய்ந்த கூரை முழுதும் நெருப்பு. கூரைச் சரிவு 45 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லையேல் மழை இறங்கும்.

கேள்வி: உருளைக்கிழங்கு சமைத்தார்களா?

இல்லை. அது அமெரிக்கப் பயிர்.

கேள்வி: குழிவீடுகளில் (தரையில் தோண்டிய குழியின் மேல் எழுப்பிய சிறு குடில்கள்) மக்கள் குழிக்குள்ளேதான் வாழ்ந்தார்கள். தறிக் குண்டுகள் (தறியில் நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் குண்டுகள்) குழிக்குள் கிடைத்தனவே?

குழியில் கிடைத்ததெல்லாம் அங்கே புழங்கிய பொருள் அல்ல. வீட்டைப் பிரித்த பிறகு ஊரார் அதில் குப்பை கொட்டினார்கள். இங்கிலாந்தின் சஃபோக்கில் அகழ்ந்தெடுத்த வெஸ்ட் ஸ்டோ என்ற ஆங்கிலோ-சாக்சன் ஊரைப் பாருங்கள். சுமார் 70 குழிவீடுகள், ஏழு கூடங்கள் (தரைமட்டத்தில் கட்டிய பெரிய வீடுகள்). மண் மணற்பாங்கு. தினமும் ஆள் நடமாடியிருந்தால் குழியோரம் சரிந்திருக்கும். எரிந்துபோன வீடுகளில் கருகிய பலகைகளும் இருந்தன. குழிக்கு மேல் பலகை பாவி, அடியில் காற்று போக விட்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: அரசர்களின் வம்சாவளி?

வீடுகள் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: புகை வெளியேற சிறிய துளை ஒன்று?

மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன். சிறிய துளையும் வேண்டாம்.

கேள்வி: ஜன்னல்?

கண்ணாடி இல்லை, சுவரில் மூடி வைத்த சிறு திறப்பு இருந்திருக்கலாம். அவர்கள் சொல் 'கண் துளை'. இன்றைய ஆங்கிலச் சொல் பிறகு வந்த நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) மக்களின் 'காற்றின் கண்'. கூடங்களில் வெளிச்சம் பெரும்பாலும் கதவு வழிதான்: நீள்சுவர்களின் நடுவே எதிரெதிராக இரண்டு கதவுகள்.

கேள்வி: குழிவீடு பற்றிக் கேட்டவன் மீண்டும் கேட்கிறேன். அப்படியானால் எல்லா ஊரிலும் பலகைத் தரையா?

அப்படிச் சொல்லவில்லை. எசெக்ஸில் அகழ்ந்த மக்கிங் என்ற ஊரில் மட்டும் 200க்கு மேல் குழிவீடுகள். எல்லாம் ஒரே வேலைக்கு என்று கொள்ள முடியாது. நெசவுக் கொட்டிலில் குழித் தரை உதவும்: உயரமான தறி நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கும், ஈரக்காற்றில் ஆளிநார் நூல் அறாது. ஆனால் அதற்குத் தறிக்கால் ஊன்றிய குழிகளும், குண்டுகள் வரிசையாக விழுந்த தடமும் வேண்டும். கலைந்து கிடந்த குண்டுகள் போதாது. நீங்கள் சொல்லும் குழியில் அவை எப்படிக் கிடந்தன?