டீசல் கேள்வி பதில்: போன ஹீட்டர் பிளக்கைத் தூக்கிப் போட்றாதீங்க

கேள்வி: வணக்கம்ணே, கோத்தகிரில வாடகை வண்டி ஓட்டுறேன், 2004 மாடல், நாலு சிலிண்டர், ஐடிஐ டீசல் (இன்டைரக்ட் இன்ஜெக்ஷன், அதாவது டீசலை நேரா சிலிண்டர்ல தூவாம அதுக்கு முன்னாடி இருக்குற ஒரு சின்ன சேம்பர்ல தூவுற டைப்). ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ள சூடேத்துற ஹீட்டர் பிளக்குக்கு கொஞ்ச நேரம் மட்டும் கரண்ட் விடுற டைமர் போன வருஷம் போச்சுன்னு எலக்ட்ரீசியன் அதைக் கழட்டிட்டு ஒரு ரிலேயும் (பெரிய கரண்டை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) டேஷ்போர்டுல புஷ் சுவிட்சும் வெச்சுக் குடுத்தாரு. ரெண்டு மாசத்துல நாலு ஹீட்டர் பிளக்கும் ஒண்ணா போச்சு. புதுசு போட்டேன், இப்ப 3வது சிலிண்டர்ல மட்டும் ரெண்டு தடவை போயிருச்சு. எல்லாரும் டூப்ளிகேட் பிளக்குன்னு சொல்றாங்க. காலைல வெள்ளைப் புகைதான் வருது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சுத்தான் எடுக்குறோம். என்ன பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஸ்ப்ரேயை நிறுத்துங்க. அதுல இருக்குறது ஈதர், ஹீட்டர் பிளக் நுனி 850 டிகிரிக்கு மேல போய் செக்கச்செவேல்னு நிக்கும், அதுல ஈதர் பட்டா பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு ரிங்கு, பிஸ்டன் ரெண்டையும் ஒடச்சிரும். பிளக் செலவு போய் இன்ஜின் செலவுல கொண்டு விட்டுரும்.

டூப்ளிகேட் பிளக் மார்க்கெட்ல இருக்குறது நிஜம்தான், ஆனா அதுதான் காரணம்னா ஒரே சிலிண்டர்ல போகாது. நாலும் ஒண்ணா போனது கரண்ட் கோளாறு, 3வது மட்டும் போறது அந்த சிலிண்டர் கோளாறு, ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க.

கரண்டை மொதல்ல பாப்போம். ஒரு பிளக் சுமாரா 12 ஆம்ப்ஸ் இழுக்கும், ஆரம்பத்துல அதுக்கும் மேல, நாலுக்கும் சேர்த்து 50கிட்ட வரும். புஷ் சுவிட்ச் வெக்கிறவங்க நிறைய பேர் 30 ஆம்ப்ஸ் ஹாரன் ரிலேயைத்தான் போடுறாங்க, அது உள்ள பாயிண்ட் உருகி ஒட்டிக்கும், நீங்க சுவிட்ச்ல இருந்து விரலை எடுத்தாலும் கரண்ட் போய்ட்டே இருக்கும், வண்டி ஓடுறப்ப ஆல்டர்நேட்டர் குடுக்குற 14 வோல்ட்டும் அதுலயே ஏறும். சில நேரம் மேட்டு ரோட்டுல ஆடுற ஆட்டத்துல தானா விட்டுரும், அதனால கடைல செக் பண்றப்ப நல்லாத்தான் காட்டும். ஸ்டார்ட் பண்ணி, விரலை எடுத்துட்டு, பிளக் எல்லாத்தையும் சேர்க்குற தகட்டுல மீட்டர் வெச்சுப் பாருங்க, ஜீரோ காட்டணும். ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி பாருங்க. பேட்டரில 14.8 வோல்ட்டுக்கு மேல வந்தா ஆல்டர்நேட்டர் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரையும் பாக்கணும். என்னைக் கேட்டா அந்த சுவிட்சைத் தூக்கிட்டு வண்டிக்கு உண்டான டைமர் ரிலேயையே போட்டுருங்க, காலைல குளிர்ல எத்தனை செகண்ட் அமுக்குனோம்னு யாருக்கும் கணக்கு இருக்காது.

இப்ப 3வது சிலிண்டர். கழட்டுன பிளக்கை வெச்சிருக்கீங்களா? அதைத்தான் நான் மொதல்ல கேப்பேன். எங்க பட்டறைக்கு இதே மாதிரி ஒரு வண்டி வந்துச்சு, ஓனர் பழைய பிளக் அஞ்சையும் துணில சுத்திக் கொண்டாந்தாரு. நாலு பிளக்குல கம்பி நடுவுல வீங்கி, நகத்தால தடவுனா மடிப்பு மடிப்பா தட்டுச்சு, அது ஓவர் கரண்ட். அஞ்சாவதுல வீக்கமே இல்ல, நுனி மட்டும் ஒரு பக்கமா மெழுகு மாதிரி உருகி ஓடியிருந்துச்சு. அது டீசலைத் தூவுற இன்ஜெக்டரோட வேலை. ஐடிஐ இன்ஜின்ல பிளக் நுனி அந்த சின்ன சேம்பர்குள்ளயே நிக்குது, இன்ஜெக்டர் நுனில இருக்குற நாசில் சரியா தூவாம கம்பி மாதிரி பீச்சுனாலோ சொட்டுனாலோ அந்த இடத்துல வெப்பம் எகிறி நுனியைத் தின்னுரும். உங்களுதும் அப்படி இருந்தா இன்ஜெக்டரைக் கழட்டி நாசில் டெஸ்டிங்குக்கு குடுங்க, நாசில் திறக்குற பிரஷருக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஏத்தி 10 செகண்ட் வெச்சா நுனில சொட்டு வரக்கூடாது. திரும்ப மாட்டுறப்ப வாஷர் புதுசா போடணும். நாலு பிளக் நுனியும் இப்படி உருகியிருந்தாதான் பம்ப் டைமிங் அட்வான்ஸா இருக்கான்னு, அதாவது டீசலை நேரத்துக்கு முன்னாடியே அடிக்குதான்னு யோசிக்கணும்.

புதுசு போடுறதுக்கு முன்னாடி பிளக் ஓட்டைல இருக்குற கரியை ரீமர் (ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் பண்ற டூல்) விட்டு எடுங்க, அதை யாருமே செய்றதில்ல. பழசைக் கழட்டுறப்ப இன்ஜின் சூடா இருக்கட்டும், வரலைன்னா ஆயில் விட்டு காத்திருங்க, முறுக்குனா ஹெட்டுக்குள்ளயே ஒடஞ்சிரும். டைட்டும் அளவோட இருக்கணும், ஓவரா இறுக்குனா கம்பியைச் சுத்தி இருக்குற இடைவெளி நசுங்கி புது பிளக்கும் சீக்கிரம் போயிரும்.

கேள்வி: மதுரைல இருக்கேன், இந்த வெயில் ஊருல பழைய டீசலுக்கு ஹீட்டர் பிளக் எதுக்கு? கழட்டி விட்டுரலாமா?

பதில்: ஐடிஐ இன்ஜின்னா வேண்டாம்ங்க. அந்த சின்ன சேம்பரோட சுவரு, அமுக்குன காத்துல இருக்குற சூட்டை நிறைய இழுத்துரும், நம்ம ஊரு மார்கழி காலைக்கே அது போதும் ஸ்டார்ட்டாக அடம் பிடிக்க. அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும்தான் அடி வாங்கும். பழைய டிராக்டர்ல இருக்குற மாதிரி டைரக்ட் இன்ஜெக்ஷன்னா கதை வேற, அதுல நிறைய இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக்கே கிடையாது, மதுரைல அதுக்கு ஒரு குறையும் வராது.