போட்டோவின் ஓரத்தில் ஒரு கை

கேள்வி:

மேடம், எனக்கு வயது 67. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். கணவர் தவறிய பிறகு தனியாகத்தான். ஒரே மகள் நியூஜெர்சியில். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அவளும் மாப்பிள்ளையும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள். அங்குள்ள ஏஜென்சி வழியாக இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தார்கள். போன மாதம் குழந்தை மேட்ச் ஆகிவிட்டது. வடகர்நாடகத்தில் ஒரு இல்லத்தில் இருக்கும் பையன், இரண்டரை வயது.

சந்தோஷமான செய்திதான். ஆனால் எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? சென்னையிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்து, "நாம ரெண்டு பேரும் பாட்டி ஆயிட்டோம்" என்றார். அதற்கப்புறம்தான் மகள் பேசினாள். கேட்டால், "96 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும்மா, யாரையும் கேட்க நேரமில்ல" என்கிறாள். மாமியாரிடம் சொல்ல மட்டும் நேரம் இருந்ததா?

"யாருக்கும் சொல்லாதே, போட்டோவை யாருக்கும் அனுப்பாதே" என்று வேறு கண்டிப்பு. என் சொந்தத் தங்கையிடமே மறைக்கிறேன். நான் என்ன ஊரெல்லாம் பேசித் திரிகிறவளா?

பையனைப் பெற்றவர்கள் யார், என்ன ஜாதி என்று கேட்டேன். நாளைக்கு நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது? "இனிமே இதைக் கேட்டா போனே பண்ண மாட்டேன்" என்றாள். உதட்டில் பிளவு இருந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. அதையும் நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னாள். பையனுக்குக் கன்னடம்தான் தெரியுமாம், மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை வராது. பெயரையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். என் கணவர் பெயரை வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேச்சே வரவில்லை.

போட்டோவில் நீலச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி நிற்க வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் யாரோ ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிகிறது. பச்சைக் கண்ணாடி வளையல். அவள் சுண்டுவிரலைப் பையன் பிடித்துக்கொண்டிருக்கிறான். இவனை அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டால் அவள் என்ன செய்வாள் என்று ராத்திரியில் ஒரு மாதிரி இருக்கும். அது கிடக்கட்டும், அவளுக்கு அது வேலைதானே.

சம்பந்தியிடம் முதலில் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அமெரிக்கா போனபோதும் இப்படித்தான், எல்லாம் முடிவான பிறகு சொன்னாள். அவள் வந்துவிட்டுத் திரும்பும்போது நான் ஏர்போர்ட்டுக்குக்கூடப் போவதில்லை. தேவனஹள்ளி தூரம், மூட்டு வலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவேன். பெற்றவள் நான் இருக்க, மாமியாருக்கு முதலில் சொல்வாளா? என் மகளுக்கு நான் வேண்டாதவளா?

— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் சம்பந்தியம்மா திரும்பத் திரும்ப வருகிறார். அந்தக் கை ஒரே ஒரு முறை வருகிறது. அதையும் "கிடக்கட்டும்" என்று ஒதுக்கிவிட்டீர்கள். என்னால் ஒதுக்க முடியவில்லை.

பேரனின் முகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வளையலின் நிறத்தை எழுதியிருக்கிறீர்கள். செய்தி வந்ததிலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணைத்தான். வளர்த்த பிள்ளை விமானம் ஏறிய பிறகு இங்கேயே நின்றுவிட்டவள் என்ன ஆவாள் என்பது உங்களுக்குப் புதிய கேள்வி இல்லை. ஏர்போர்ட்டுக்குப் போகாததற்கு மூட்டு வலிதான் காரணம் என்று நான் நம்பவும் இல்லை.

அந்த விரலைப் பற்றி நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஃபைலில் எத்தனை பக்கம் இருந்தாலும், உங்கள் குடும்பத்துக்கு வந்த மிக நல்ல செய்தி அதுதான். குழந்தைக்குத் தாயோ, தாயின் இடத்தில் நிற்கும் ஒருவரோ நெருக்கமாக, விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையிலேயே வலியுறுத்தினார். இந்தப் பையனுக்கு அப்படி ஒருத்தி கிடைத்திருக்கிறாள். ஒருவரை நம்பிப் பிடித்துக்கொள்ளக் கற்ற குழந்தை இன்னொருவரையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் அழுவான். சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான், உங்கள் மகளைக் கையால் தள்ளக்கூடச் செய்யலாம். யாரிடம் கொடுத்தாலும் அழாமல் போகிற குழந்தையைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கவலை அதிகம்.

பிரிக்கிறோமோ என்ற உறுத்தல் உங்களுக்கு இருக்கிறது. பெற்றவர்கள் ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாற சட்டம் 60 நாள் தருகிறது. எப்படி வந்த குழந்தையானாலும், குழந்தைகள் நலக் குழு தத்துக்குத் தகுதியானவன் என்று அறிவித்த பிறகே யாருக்கும் காட்டப்படுவான். இல்லம் அவனுக்குப் பாதுகாப்பு தந்தது. ஆனால் ஆயாக்கள் வேலை மாறுவார்கள், ஷிஃப்ட் மாறும். அந்தப் பெண்ணே விரும்பினாலும் அவனுக்கு இருபது வயதாகும்வரை கூட இருக்க முடியாது.

சரி, இப்போது உங்கள் மகள் பக்கம். அந்தப் பெண்ணுக்காகவும் உங்களுக்காகவும் நீங்கள் படும் துக்கத்துக்கு மகளைக் கணக்குச் சொல்ல வைக்கிறீர்கள். இது நியாயமில்லை அம்மா. அவள் சொன்ன 96 மணி நேரம் சாக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பவர்கள் அதற்குள் குழந்தையை ரிசர்வ் செய்யாவிட்டால் வாய்ப்பு கைவிட்டுப் போகும். அவன் அடையாளத்தை வெளியே பரப்பக் கூடாது என்பதும் சட்டம். இன்னும் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் ஆணை, பாஸ்போர்ட், விசா எல்லாம் பாக்கி. வருஷக் கணக்கில் காத்திருந்தவர்கள் இந்தச் செய்தியைப் பயந்து பயந்துதான் வெளியே விடுவார்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினாள் என்றால், என்ன கேட்பீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களும் ஜாதியைத்தான் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை இதோடு விட்டுவிடுங்கள். அவன் காதில் அது ஒரு முறை விழுந்தாலும், அப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் ஒட்டாது.

வேண்டாதவளா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்குப் புரிவது கன்னடம் மட்டும். மாப்பிள்ளைக்கு அது வராது. மகள் அமெரிக்காவில் அதை எங்கே பேசியிருக்கப் போகிறாள்? அல்சூரில் காய்கறிக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் தினமும் பேசுகிறவர் நீங்கள். பசிக்கிறதா, வலிக்கிறதா, பயமா என்று அவனிடம் அவன் பேச்சிலேயே கேட்க அந்த வீட்டில் உங்களை விட்டால் ஆளில்லை.

அழைத்துப்போக மகள் வரும்போது, இல்லத்தின் அனுமதி கேட்டுக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசுங்கள். அவனைச் செல்லமாக என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள், சாதத்தை எப்படிப் பிசைகிறாள், எந்தப் பக்கம் படுக்க வைத்தால் தூங்குவான், ஆபரேஷனுக்குப் பிறகு எதை விழுங்கச் சிரமப்படுகிறான் என்றெல்லாம் கேளுங்கள். அவன் போர்த்தித் தூங்கிய துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள், பழகிய வாசனை கூடவே போகட்டும். முடிந்தால் அவளே தன் கையால் அவனை உங்கள் மகளிடம் கொடுக்கட்டும். போயிட்டு வா என்று அவள் வாயால் சொல்லிக் கேட்பது அவனுக்கு மிகவும் முக்கியம். அவளுக்கும்தான்.

இன்று ராத்திரி மகளுக்குப் போன் செய்யுங்கள், அங்கே காலைதான். சம்பந்தி, பெயர் எதையும் எடுக்க வேண்டாம். அந்தக் கை யாருடையது என்று மட்டும் கேளுங்கள். அவளும் அதைக் கவனித்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.