விழிப்புக் குழுவுக்கு ஆளை மறித்துச் சோதிக்க அதிகாரம் உண்டா?

கேள்வி: எங்கள் ஊரில் அடிக்கடி வீடு உடைத்துக் களவு போகிறது. அதனால் இளைஞர்கள் விழிப்புக் குழு அமைத்து இரவில் ஒழுங்கைகளில் நிற்கிறார்கள். போன கிழமை அயலூர்ப் பெடியன் ஒருவனை மறித்து, அடையாள அட்டை கேட்டு, போனையும் மோட்டார் சைக்கிள் திறப்பையும் பறித்து, லைற் போஸ்ற்றில் கட்டி அடித்துவிட்டார்கள். அவனிடம் களவுப் பொருள் எதுவும் இல்லை. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான். “எங்கள் பெயர்ப் பட்டியல் பொலிஸில் இருக்கிறது, நாங்களும் சிவில் பொலிஸ்தான்” என்கிறார்கள். இது சரியா? குழுவைக் கலைக்க வேண்டுமா?
– சனசமூக நிலையச் செயலாளர், வலிகாமம்

பதில்: செயலாளர் அவர்களுக்கு,

சரியே இல்லை. பட்டியலில் பெயர் இருப்பதால் எவரும் பொலிஸ் ஆகிவிட முடியாது. சிவில் பாதுகாப்புக் குழு உறுப்பினர், ஓய்வு பெற்ற பொலிஸ்காரர், கடைக் காவலாளி எல்லோரும் இந்த விஷயத்தில் சாதாரண குடிமக்களே. கிராம சேவகர்கூட, பொலிஸ் கடமைக்கென அரசாங்க அதிபர் எழுத்தில் நியமித்திருந்தால்தான் சமாதான அலுவலராக, அதாவது பொலிஸாரைப் போலக் கைது செய்யும் அதிகாரம் உள்ளவராகக் கணிக்கப்படுவார்.

சாதாரண குடிமகனும் ஒருவரைப் பிடிக்கலாம் என்பது உண்மை. இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும்: பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தை உங்கள் முன்னிலையில் ஒருவர் செய்யும்போது, அப்படியொரு குற்றம் செய்தவர் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடிய ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டப்படி குற்றவாளியெனப் பிரகடனம் செய்யப்பட்டவராக இருக்கும்போது. “முன்னிலையில்” என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சிசிரிவியில் கண்ட முகத்தை மறுநாள் சந்தியில் கண்டால், அது உங்கள் முன்னிலையில் நடந்த குற்றம் அல்ல. வீடியோவைப் பொலிஸாரிடம் கொடுக்கலாம், ஆளைப் பிடிக்க முடியாது. பேஸ்புக்கில் படம் சுற்றுவதும் பிரகடனம் ஆகாது. கடன் பாக்கி, வேலிப் பிணக்கு, இரண்டு பேர் ஒழுங்கையில் நின்று கதைப்பது இவை எதற்காகவும் ஒருவரை மறித்து வைக்க உங்களுக்கு உரிமையில்லை. ஊருக்குப் புதிய முகம் என்பது குற்றமே அல்ல.

முறையாகப் பிடித்தாலும், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். 24 மணித்தியாலம் வைத்திருக்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த எல்லை பொலிஸாருக்கானது. கையில் கத்தியோ வாளோ இருந்தால் வாங்கி வைத்து ஆளோடு சேர்த்து ஒப்படைக்கலாம். பையையும் சட்டைப் பையையும் சோதிப்பது ஆளைப் பொறுப்பேற்கும் அலுவலரின் வேலை. தப்பியோடாமல் இருக்கத் தேவையான அளவுக்குமேல் கட்டுப்படுத்தக் கூடாது. அடிக்கு எந்த இடமும் இல்லை.

அடித்து “ஒத்துக்கொள்ள” வைப்பதால் வழக்கும் கெடுகிறது. அதிகாரத்தில் உள்ளவர் என்று கருதக்கூடியவரின் அச்சுறுத்தலால் வந்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒதுக்குகிறது. உண்மையான கள்ளனே அகப்பட்டாலும், அவனுடைய சட்டத்தரணி முதலில் காட்டப்போவது அவனுடைய காயத்தைத்தான்.

உங்கள் பெடியள்மேல் என்னென்ன வரலாம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின்படி வழியை மறித்தது முறையற்ற தடுப்பு (330ஆம் பிரிவு), கட்டி வைத்தது முறையற்ற அடைப்பு (331). அடித்ததற்குக் காயத்தின் தன்மையைப் பொறுத்துத் தனிக் குற்றம். பொலிஸ் என்று சொல்லி, அந்தப் போர்வையில் சோதனை செய்தது அரச ஊழியராக ஆள்மாறாட்டம் செய்ததாகலாம். குற்றம் செய்யும் பொது நோக்கத்தோடு ஐந்து பேருக்குக் குறையாமல் கூடி நின்றிருந்தால் சட்டவிரோதக் கூட்டம் (138). 146ஆம் பிரிவின்படி, கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு அதில் உறுப்பினராய் இருந்த எல்லோரும் பொறுப்பு. “நான் ரோர்ச் மட்டும்தான் பிடித்தேன்” என்ற பேச்சு அப்போது காப்பாற்றாது. யாராவது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதுவே சாட்சியம். அழித்துவிடாதீர்கள், அழிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. அந்தப் போனையும் திறப்பையும் மோட்டார் சைக்கிளையும் இன்றே பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததை முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிவு செய்வியுங்கள். பெடியன் என்ன நடந்தது, யார் அடித்தார்கள் என்பதை வைத்தியரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். பொலிஸாரின் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி அவனைப் பார்க்க வேண்டும். காயம் ஆறினால் சான்றும் போய்விடும். முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அவன் வீட்டுக்கு ஆட்களை அனுப்பாதீர்கள். பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் அச்சுறுத்துவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். குழுவினர் தமக்கென ஒரு சட்டத்தரணியைப் பார்க்கட்டும். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

குழுவைக் கலைக்கத் தேவையில்லை, அதன் வேலையை மாற்றினால் போதும். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கிராம சேவகர் ஊடாகக் கடிதம் கொடுத்து, யார் எந்த இரவு நிற்கிறார்கள் என்று அறிவியுங்கள். பொல்லு, கம்பி கூடாது. ரோர்ச், விசில், போன், கொப்பி போதும். ‘பொலிஸ்’ என்று எழுதிய எந்த மேற்சட்டையும் வேண்டாம். சந்தேகமான வாகனம் வந்தால் மறிக்காமல், இலக்கம், நேரம், போன திசை மூன்றையும் குறித்துவிட்டு 119க்கும் உங்கள் பொலிஸ் நிலையத்துக்கும் சொல்லுங்கள். எரியாத தெருவிளக்குகளுக்குப் பிரதேச சபையில் எழுத்தில் முறையிடுங்கள். இருட்டு ஒழுங்கையில் ஐந்து பேர் நிற்பதைவிட அது அதிகப் பலன் தரும்.

கண்ணெதிரே வீடு உடைப்பவனைப் பிடிக்க நேர்ந்தால், எதற்காகப் பிடிக்கிறோம் என்பதைச் சொல்லி, இருத்தி வைத்து, உடனே பொலிஸை அழையுங்கள். பிடித்த நேரம், அழைத்த நேரம், ஒப்படைத்த நேரம், பொறுப்பேற்ற அலுவலரின் இலக்கம் நான்கையும் கொப்பியில் எழுதி, கண்டவர்கள் இருவர் கையெழுத்திட வேண்டும்.